டிரைவர் ரூம்

பிப்ரவரி 9

இன்றிலிருந்து முதலாளி மகன் ரஞ்சித்தை நான் 'சார்' என்று கூப்பிட வேண்டுமாம். முதலாளி சொல்லிவிட்டார். "கெஸ்ட் முன்னாடி மட்டும் கண்ணு. மத்தபடி நீங்க ரெண்டு பேரும் ஃபிரண்டுதான?"

ஃபிரண்டுதான். ப்ளஸ் டூ வரைக்கும் ஒரே பெஞ்சு. என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதித்தான் அவன் பாஸானான். ரிசல்ட் வந்த அன்றைக்கு எங்கள் இரண்டு பேர் மார்க்கையும் பார்த்துவிட்டு முதலாளி மாரியப்பன் அவனைத் திட்டினார், என் முதுகில் தட்டினார். பிறகு அவன் சென்னையில் இன்ஜினியரிங் சேர்ந்தான். நான் சேலத்தில் பி.எஸ்சி. சேர்ந்து மூன்றே மாதம். எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறிய அப்பா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அடுத்த வாரமே ஏற்காட்டில் முதலாளியின் இந்த லாட்ஜில் ரூம் பாய் ஆனேன். அம்மா ஏற்கெனவே இங்கேதான் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவன் ஏகப்பட்ட அரியரோடு திரும்பி வந்திருக்கிறான். வந்தவனுக்கு மேனேஜர் நாற்காலி. போன வருஷம் சேர்வராயன் கோயில் திருவிழாவில், சாமி முன்னால், "அடுத்த சீசனுக்கு நீதான் மேனேஜர்" என்று முதலாளி எனக்குச் சொன்ன அதே நாற்காலி! எங்கள் ஊர் வாழவந்தி முழுக்கச் சொல்லி வைத்துவிட்டேன். இனி எந்த முகத்தோடு ஊருக்குள் போவது?

நான் படிப்பை விட்டால் "இவனுகளுக்குப் படிப்பு எங்க ஏறும்". அவன் விட்டால் "பையன் பிசினஸ் பாக்கறான்".

பிப்ரவரி 11

"டேய் ஜீவா, சாருன்னெல்லாம் கூப்பிடாதடா, கூச்சமா இருக்குது" என்றான். தோளில் கை போட்டான். அந்தக் கையைத் தட்டிவிடாமல் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகவே என்னை நான் செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 26

முதலாளிக்கு சேலத்தில் மூட்டு ஆபரேஷன். மூன்று மாதம் மலை ஏற மாட்டார். முழுப் பொறுப்பும் ரஞ்சித்திடம். சாவிக் கொத்தை எடுத்து அவனிடம் கொடுக்கச் சொன்னார் என்னை. அதை அவரே நேராக எடுத்திருக்கலாம், மேஜை மேல்தான் இருந்தது. என் கையால் கொடுக்க வைத்தார்.

அவன் அழிய வேண்டும்.

மார்ச் 6

இன்றைக்கு வழி கிடைத்தது. அவனே கொண்டுவந்து கொடுத்தான்.

லாட்ஜில் ஒரு கஃபே வைக்கப்போகிறானாம். கண்ணாடிச் சுவர், மூங்கில் விளக்கு, போட்டோ எடுக்க ஒரு ஊஞ்சல். "எங்கடா வெக்கலாம்?" என்று கேட்டான். பின்பக்கம் சாமான் ரூம் சும்மாதான் கிடக்கிறது. அதைச் சொல்லவில்லை.

"டிரைவர் ரூம்தாங்க சார் எடுப்பா இருக்கும். அங்கிருந்து ஏரி தெரியுமில்லீங்களா" என்றேன்.

இந்த மலையில் லாட்ஜ் நடத்துகிற யாரும் தூக்கத்தில்கூட இப்படிச் சொல்ல மாட்டார்கள். இங்கே பாதிப் பேர் ரூம் போடாமல்தான் வாடகைக் காரில் வருகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து தலை சுற்றல் நின்றதும் டிரைவரிடம் கேட்பார்கள்: "நல்ல லாட்ஜ் எதுங்க?" டிரைவருக்கு நல்ல லாட்ஜ் என்றால் அவருக்குக் கட்டிலும் சுடுதண்ணியும் ராத்திரி சோறும் கிடைக்கிற லாட்ஜ். அதற்காகத்தான் முதலாளி வேறு எதையும் கட்டுவதற்கு முன்னால் அந்த ரூமைக் கட்டினார். அத்தனை டிரைவர்களையும் அண்ணா அண்ணா என்று நான்தான் பார்த்துக்கொண்டேன். சேலம் தங்கராஜ் அண்ணனுக்கு டீயில் சர்க்கரை ஆகாது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

இதெல்லாம் ரஞ்சித்துக்கு எப்படித் தெரியும்? அந்த ரூமுக்குள் அவன் காலெடுத்து வைத்ததே இல்லை.

"சூப்பர்டா" என்றான். வாங்கிக்கொள்.

மார்ச் 8

கட்டில்களைத் தூக்கி வெளியே போட்டார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன்.

ஏப்ரல் 14

கஃபே திறப்பு. அவன் சென்னை நண்பர்கள் வந்து ஊஞ்சலில் ஆடினார்கள். தங்கராஜ் அண்ணன் கோயமுத்தூர் குடும்பம் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தார். படுக்க ரூமைத் தேடிப் போய் கண்ணாடியில் முட்டாத குறை.

"ஏனுங்க தம்பி, நாங்க எங்க படுக்கறது?"

"மேனேஜர் சாரைக் கேளுங்ண்ணா."

கேட்டார். "வண்டிலயே அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்று ரஞ்சித் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குத் திரும்பினார். அந்த முகம் எனக்குத் தெரியும். அது கண்ணாடியில் நான் தினமும் பார்க்கிற முகம்.

மே 4

சீசன். ஊரே கூட்டத்தில் திமிறுகிறது. ஏரிப் பக்கம் வண்டி நகரவில்லை. நம் லாட்ஜில் ஈ ஓட்டுகிறார்கள். கார்கள் வாசலில் கொஞ்சம் மெதுவாகி, டிரைவர் ஏதோ சொல்ல, மறுபடி வேகமெடுத்துப் போகின்றன. ஒவ்வொன்று போகும்போதும் எனக்குள் பாயசம் இறங்குகிறது. ரஞ்சித் வாசலுக்கும் கவுண்டருக்கும் நடந்துகொண்டே இருக்கிறான். "ஏன்டா யாருமே வரமாட்டேங்கறாங்க?" என்கிறான்.

"என்னமோ தெரியலீங்க சார்."

அந்த 'சார்' எவ்வளவு இனிப்பு!

மே 19

ஐயோ, இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவேன்.

முதலாளி தடி ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். நேராகப் போய் கஃபே முன்னால் நின்றார். "எவன்டா இந்த ரூமை இடிக்கச் சொன்னது?" கத்தலில் அம்மா துவைக்கிற இடத்திலிருந்து ஓடி வந்துவிட்டாள். ரஞ்சித் என் பெயரைச் சொல்லிவிடுவான், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஒரு பக்கம், சொல்லட்டும் என்றும் இருந்தது. ஆமாய்யா நான்தான், ஏன்னு உன்னையே கேட்டுக்கோ — மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன்.

"என் ஐடியாதாம்ப்பா" என்றான் ரஞ்சித்.

என்னைக் காப்பாற்றுவதற்காக அவன் அப்படிச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தேனே, நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறான்! ரூம் பாய் ஒருவன் தனக்கு ஒரு யோசனை சொன்னான் என்பதே அவனுக்கு ஞாபகத்தில் தங்கவில்லை. என் நாற்காலியை எடுத்தான், சரி. நான் செய்த குற்றத்தையுமா எடுத்துக்கொள்வான்?

ஜூன் 3

சீசனே நஷ்டம் என்று முதலாளி லாட்ஜை ஒரு பெங்களூர் கம்பெனிக்கு லீசுக்கு விடுகிறார். அவர்கள் ஆட்களோடு வருவார்கள். நம் யாருக்கும் வேலை இல்லை.

ஜூன் 4

அம்மாவையும் சேர்த்துத்தான் 'யாருக்கும்'. அது நேற்று எனக்கு உறைக்கவில்லை. என்ன ஆள் நான்?

ஜூன் 15

கடைசி நாள். முதலாளி அம்மாவுக்கு ஒரு சேலை கொடுத்தார். அம்மா கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதுக்கு கும்பிடற? இத்தனை வருஷம் அவனுக கெஸ்ட் பொரண்ட துணியத் தொவைச்சதுக்கா?

பஸ்ஸில் அந்தச் சேலையை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். வாழவந்தியில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள்: "அந்த ரூமைத் தினமும் கூட்டுனது நானு. அது என்னத்துக்குன்னு எனக்கே தெரியும். உனக்குத் தெரியாதா சாமி? அந்தப் பையங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். அவள் நாளையிலிருந்து நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் களை வெட்டப் போகிறாள்.

ஜூலை 2

தங்கராஜ் அண்ணன் தன் இரண்டாவது காரை ஓட்டக் கொடுத்தார். டிரைவர்கள் வாட்ஸப் குரூப்பிலும் சேர்த்துவிட்டார்.

ஆகஸ்ட் 24

பெங்களூர். மத்தியானம். காரின் முன்சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சவாரி யாரென்று அண்ணன் சொல்லவில்லை. ஏற்காட்டில் பெட்டிகளோடு நின்றது ரஞ்சித். கனடா போகிறான். அரியரோடு சேர்த்துக்கொள்கிற காலேஜ் ஒன்று அங்கே இருக்கிறதாம். குப்பனூர் ரோடு வழியாக மலை இறங்கும்போது பின்சீட்டிலிருந்து சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தான்.

"ஒரு விதத்துல நல்லதுக்குத்தான்டா ஜீவா. லாட்ஜ் மட்டும் நல்லா ஓடியிருந்தா எங்கப்பா என்னைய அங்கயே கட்டிப் போட்டிருப்பாரு. சனியன் விட்டுதுன்னு இருக்குது."

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் விழ வேண்டும் என்று குழி வெட்டினேன். அது அவனுக்குப் படிக்கட்டாகிவிட்டது. அவனைப் போன்றவர்களுக்குக் கீழே எப்போதும் ஏதோ ஒரு மெத்தை போட்டிருக்கிறது. விழுந்தது என் அம்மா.

நாளைக் காலை ஃப்ளைட். அதுவரை அவனுக்கு இந்தப் பெரிய ஹோட்டல். அவன் லிஃப்டில் ஏறிய பிறகு கவுண்டரில் கேட்டேன்: "டிரைவர் ரூம் எங்கங்க?"

"முன்ன இருந்துச்சு. இப்ப ஜிம் ஆக்கிட்டாங்க. வண்டிலயே அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

சிரிப்புத்தான் வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பார்க்கிங்கில் வெயில் கொதிக்கிறது. போனை எடுத்து குரூப்பில் ஹோட்டல் பெயரைப் போட்டு எழுதினேன்: 'இங்க டிரைவருக்குப் படுக்க எடம் இல்ல. யாரும் இனி ஆள் கூட்டிட்டு வராதீங்க.' அனுப்பியும்விட்டேன். எத்தனை நாளைக்குப் பிறகு நெஞ்சு ஆறியது!

சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடியிருப்பேன். யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். ஹோட்டலில் துணி துவைக்கிற ஒரு அம்மா, கிருஷ்ணகிரிப் பக்கமாம். கையில் ஒரு தலையணை, புதிதாக உறை போட்டது.

"கழுத்து வலிக்கும் கண்ணு, இதை வெச்சுப் படு. போறப்ப என்ற கிட்டயே குடுத்திரு, மேனேஜர் பாத்தா என்னையத்தான் கேப்பாங்க."

வாங்கிக்கொண்டேன். உறையில் என் அம்மா கையில் எப்போதும் வீசுகிற அதே சோப்பு வாசனை.

இங்கே ஆள் வராமல் போனால் முதலில் வேலை போவது இந்த அம்மாவுக்குத்தான். அந்தச் செய்தியை அழிக்கலாம் என்று போனைத் திறந்தேன். தங்கராஜ் அண்ணன் அதற்குச் சபாஷ் என்று கட்டைவிரல் படம் போட்டிருந்தார். அவருக்குக் கீழே இன்னும் நிறைய கட்டைவிரல்கள். யாரோ அதை மற்ற குரூப்புகளுக்கும் அனுப்பிவிட்டாராம்.