உங்கள் சைக்கிளின் பின் ரயர்

அன்புள்ள அப்பப்பா,

ஆழ்ந்த துயரத்துடன் ஓர் அறிவித்தல். தங்கள் சைக்கிளின் பின் ரயர் நேற்றுக் காலை காற்றுப் பிரிந்து காலமானது. உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இதை ஏற்றுக்கொள்ளவும். (சந்திக் கடையில் ஒட்டுப்போட்டு உயிர் கொடுத்துவிட்டார்கள். அழவேண்டாம்.)

நீங்கள் போய் ஒரு வருசம், நேற்று உங்கள் ஆட்டைத் திவசம். படையல் முடிய, சனசமூக நிலையத்தில் உங்கள் நினைவாக இரத்ததான முகாம். முகாம் வைக்கச் சொல்லிக் கேட்டது நான்தான். எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதே! "அப்பப்பா ஆக்களை ஏத்தின சைக்கிளிலைதான் போய்க் குடுப்பன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். போய்ப் பார்த்தால், ரயர் தரையோடு தரை.

அப்பா குனிந்து நசித்துப் பார்த்தார். "ஒரு வருசமா இதை ஒருத்தரும் நசிச்சுப் பாக்கேல்லையடா" என்றார். பிறகு சைக்கிளைச் சந்திக் கடைக்கு உருட்டினார்.

நீங்கள் ஒவ்வொரு காலையும் பார்ப்பீர்கள், எங்கும் போகாத நாளிலும். "அப்பப்பா, ரயருக்கு நாடி பிடிக்கிறியளோ?" என்பேன். "ஓமடா, உனக்கும் பிடிக்கட்டோ?" என்று காதை முறுக்குவீர்கள்.

சண்டைக் காலத்தில் நீங்கள் ஆஸ்பத்திரிச் சிற்றூழியர். பெற்றோல் இல்லை, செல்லடி வேறு. இரத்தம் கொடுக்கக்கூடியவர்களை ஊரூராய்த் தேடிக் கரியரில் ஏற்றிவருவது உங்கள் வேலை. ஒரேயொரு தரம்தான் அதைப் பற்றிச் சொன்னீர்கள். "ஒரு பிள்ளைத்தாச்சிக்கு இரத்தம் குடுக்க வட்டுக்கோட்டையிலையிருந்து ஒரு வாத்தியாரை ஏத்திக்கொண்டு வாறன், பாதி வழியிலை பின் ரயர் காத்துப் போயிட்டுது. உருட்டிக்கொண்டு ஓடினனாங்கள். போய்ச் சேரேக்கை அந்தப் பிள்ளைத்தாச்சியின்ரை கட்டிலுக்கு விரிப்பு மாத்திப்போட்டினம்."

அதனால்தானா எங்களை எல்லா இடத்துக்கும் நேரத்துக்கு முந்தியே இழுத்துப்போனீர்கள்? மண்டபம் திறக்கமுன் கல்யாணத்துக்குப் போய் வெயிலில் நின்ற ஒரே குடும்பம் நாங்கள்தான். எங்களுக்கே களைத்துப்போகும். உங்களுக்கு எவ்வளவு களைத்திருக்கும்?

எனக்கும் இப்போது களைப்புத்தான். பகிடி வருகிறது, காது முறுக்க ஆளில்லாமல் பாதியில் நின்றுவிடுகிறது. அப்பா இன்னும் பஸ்ஸுக்கு முந்தியே போய் நிற்கிறார், அவசரப்படுத்த ஒருவரும் இல்லாமலே.

நேற்றும் நாங்கள் பிந்தவில்லை. ஒட்டுப்போட்ட ரயரோடு முதலில் போய்ச் சேர்ந்தோம். புது விரிப்பு விரித்த முதல் கட்டிலில் முதல் ஆளாகப் படுத்தது உங்கள் பேரன். இதையும் ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

இனி ஒவ்வொரு காலையும் ரயரை நான் பார்ப்பேன். அடுத்த முகாமுக்கும் அதில்தான் போவேன். இது சத்தியம்.

சரி, உங்களிடம் மறைக்க ஏலாது. படுத்தது உண்மை. ஊசியைக் கண்டதும் கண் இருண்டுவிட்டது. ஒரு சொட்டும் எடுக்கவில்லை. "தம்பி, முதல்லை இந்தச் சோடாவைக் குடி" என்றார் தாதி. அந்தக் கட்டிலில் படுத்துக் கொடுத்தது அப்பா. பிறகு என்னைக் கரியரில் இருத்தி, மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார். இரத்தம் கொடுக்கவென்று போய், ஊசிக்குப் பயந்து கொடுக்காமல் அந்தக் கரியரில் திரும்பியவன் நான் ஒருவன்தான், அப்பப்பா.

இன்று காலை ரயருக்கு நாடி பார்த்துவிட்டு எழுதும்,
உங்கள் பேரன்