டயகம வரை ஒரு தண்டவாளம்

அன்புள்ள வெள்ளையம்மாவுக்கு,

கொழும்பில் நான் சுகம். உன் இருமல் விட்டதா? அத்தைக்கு முழங்கால் வலி எப்படி?

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஒர்க்ஷாப் சிவஞானம் ஐயா வீட்டில், பலகைமேல் சின்ன ரயில்பாதை போடுகிறோம். குச்சிகளைத் தண்டவாளக் கட்டைகளாக ஒட்டி, அவற்றின்மேல் கம்பி பதிப்பதெல்லாம் கையால்தான். ஈயம் பற்றவைக்கும்போது விரலில் லேசாகச் சுட்டுவிட்டது. இதோ எழுதுகிறேனே, பயப்படாதே.

ஹட்டன் ஸ்டேசனோடு பாதை முடிந்தும் பலகையில் இடம் மிஞ்சியது.

"எங்க ஊரு டயகமவுக்கும் போட்டுருவோமுங்க" என்றேன்.

"அங்க ரயிலே இல்லையே, பெருமாள்" என்று ஐயா சிரித்தார்.

"இங்கயாவது போகட்டுமுங்க."

அவர் கம்பியை எடுத்துக் கொடுத்தார்.

பலகையில் தேயிலைச் செடி வைக்க, நம் தோட்டத்து லயத்து வீட்டுச் சுவர்ப் பாசியைக் காயவைத்து அனுப்பு. உன் பழைய சேலையில் ஒரு துண்டும் வை. அது பலகைக்கு இல்லை, எனக்கு.

தபால்காரர் வந்துவிட்டார், இதை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

உன்,
பெருமாள்