சூடானால் நின்றுவிடும் வேன்

பெப்ரவரி 5, புதன்

வேனுக்குள் என் வீட்டுக்காரர் வனிலா வாசனை அடித்து வைத்திருக்கிறார். ஏறியவுடனே கண்ணாடியை இறக்கினேன். வனிலாவுக்கு அடியில் கருகிய எண்ணெய் நாற்றம். அதை மறைக்கத்தானே வனிலா! சனிக்கிழமை வேன் வாங்க ஆள் வருகிறதாம்.

இன்றும் அதே கூத்து. பள்ளிக்கூடம் விட்டு என்னையும் மகள் மிதுஷாவையும் ஏற்றி வந்தார். ஹாலிஎல சந்தியில் வேகத்தைக் குறைக்கக் குறைக்க வேன் நடுங்கியது, உதறியது, என்ஜின் செத்துவிட்டது. தானாகக் கியர் மாறும் ஓட்டோ கியர் வேன் நிற்கப் போகும்போது இப்படியா சாகும்? "பெற்றோல் சரியில்ல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எப்போது கேட்டாலும் பெற்றோல்.

பெப்ரவரி 8, சனி

வந்தது ஒரு பெண். ஸிஹாமா, பதுளை. நர்சரிப் பிள்ளைகளை ஏற்றி இறக்க வேன் தேடுகிறார். ஓட்டோ கியர் மட்டும்தான் ஓட்டத் தெரியுமாம்.

இவர் விடியற்காலையிலேயே வரச் சொல்லி, குளிர்ந்த என்ஜினோடு தெமோதரப் பக்கம் ஏற்றத்தில் ஓட்டிக் காட்டினார். ஏற்றத்தில் எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே வேண்டாம். வேகம் குறைந்தால்தானே குட்டு உடையும்! கொஞ்ச தூரத்திலேயே திருப்பி, சூடேறுவதற்குள் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். என்ன கெட்டிக்காரத்தனம்.

"பூ மாதிரி போகுது தங்கச்சி" என்று ஸிஹாமா அக்கா என் கையைப் பிடித்தார். அடுத்த சனி வந்து எடுத்துக்கொள்கிறாராம்.

"தேத்தண்ணி ஊத்து" என்றார் இவர்.

ஊத்தினேன். வாயைத் திறக்கவில்லை. சீ, நானும் ஒரு டீச்சர்.

பெப்ரவரி 9, ஞாயிறு

கேட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைகளை நினைச்சீங்களா என்று.

"நீ என்ன மெக்கானிக்கா? காலேஜில கியர் பொக்ஸும் படிச்சுக் குடுத்தாங்களோ?"

"பதுள ரோட்டு இறக்கத்துல நின்னு போச்சுன்னா?"

"வாங்குறவதான் பாத்து வாங்கணும். என் தலையில இத கட்டினவன் எனக்குச் சொன்னானா?"

சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்து நிதானமாகத் தின்றார். அந்த வாய் அசைவதைப் பார்க்க முடியவில்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

மெக்கானிக் பவாஸ் நானாவின் கராஜுக்குப் போனேன். இவர் எப்போதும் வேனைக் காட்டுவது அவரிடம்தான்.

"பெற்றோலா? யாரு, மகள், சொன்ன?" என்று சிரித்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டிக் காட்டினார். ஓடும்போது என்ஜினும் கியரும் இப்படிச் சேர்ந்திருக்குமாம். வேகம் குறையும்போது தானாக விட வேண்டுமாம். இந்த வேனில் சூடேறினால் விடுவதில்லை. நிற்கப் போகும் சக்கரம் என்ஜினையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது. என்ஜின் நின்றால், இரண்டு மிதிக்குமேல் பிரேக் கல்லாகிவிடும்.

"பொங்கலுக்கு முந்தியே தம்பிக்கிட்ட சொல்லிட்டனே. புள்ள குட்டிய ஏத்தி இறக்கத்துல போகாதீங்கன்னு."

பொங்கலுக்கு முந்தி.

பொங்கலுக்கு மறுநாள்தான் கொஸ்லந்தைக்குப் போனோம், எங்கம்மாவைப் பார்க்க. பெரகலயிலிருந்து இறக்கம். மிதுஷா முன் சீட்டில் என் மடியில். ஒரு வளைவில் என்ஜின் நின்றது. இவர் ஏறக்குறைய எழுந்து நின்று பிரேக்கை மிதித்தார். வேன் ரோட்டோரக் கல் கட்டில் உரசி நின்றது. "பயந்துட்டியா?" என்று என்னைக் கேலி செய்தார். நானும் சேர்ந்து சிரித்தேனே! தெரிந்துகொண்டேதான் ஓட்டியிருக்கிறார். தெரிஞ்சுக்கிட்டே. நாலு வயசுப் புள்ளைய வச்சுக்கிட்டு. என்ன மனுசன் இவன்?

பெப்ரவரி 12, புதன்

இவர் சாப்பிட்ட தட்டைத் தொடவே அருவருப்பாக இருக்கிறது. அப்படியே கிடக்கட்டும்.

பெப்ரவரி 15, சனி

ஸிஹாமா அக்கா வந்தார். இவர் வேனில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் மிளகாய் எல்லாம் கழற்றி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சொல்லிவிட்டேன். "அக்கா, இது சூடானா, ஸ்லோ பண்றப்போ என்ஜின் நின்னு போயிரும். அப்புறம் பிரேக் புடிக்காது."

இவர் சிரித்தார். "வேன விக்க மனசில்லக்கா இவளுக்கு. பஸ்ல போகணுமே மகாராணி."

ஸிஹாமா அக்காவும் சிரித்தார்! என்னைத்தான் நம்பவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களே எடுங்க. இறக்கம் வேண்டாம். சமமான ரோட்டுல சூடேறும் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க" என்று இவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக் கொடுத்தேன். இவர் நீட்டிய கை நீட்டியபடி.

போனவர் வெகுநேரம் வரவில்லை. கடைசியில் நடந்து வந்தார். ரயில் கேட் மூடியிருக்கிறதென்று வேகத்தைக் குறைத்தாராம். செத்துவிட்டதாம். முன்னால் நின்ற ஓட்டோக்காரனைத் தொடாத குறையாம். சாவியை இவர் முன்னால் கதிரையில் வைத்தார். வாசலில் மிதுஷா செருப்பில்லாமல் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தார்.

"ஒங்கட புள்ளயயும் இதிலதான் கூட்டிப் போறீங்களா?"

இவர் சாவியை எடுத்துக்கொண்டு வேனைக் கொண்டுவர நடந்தார்.

பெப்ரவரி 16, ஞாயிறு

மாமியார் போனில். "புருசன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்றார். ஆமாங்க மாமி, போட்டேன் என்றேன்.

பெப்ரவரி 24, திங்கள்

வேன் திருத்துவதற்குப் பவாஸ் நானாவிடம் போய்விட்டது. கியர் பொக்ஸை இறக்கியாயிற்றாம். இவர் சொல்லவில்லை, கேள்விப்பட்டேன்.

மார்ச் 3, திங்கள்

காலையில் பஸ் ஹோல்ட்டில் நல்ல மழை. குடையில் மிதுஷாவுக்குத்தான் இடம். வேன் வந்து பக்கத்தில் நின்றது. உதறவில்லை, என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. இவர் எட்டி முன் கதவைத் திறந்தார்.

"செஞ்சாச்சு. நேத்து பெரகல வரைக்கும் தனியா போய் இறங்கிப் பாத்தேன். ஏறு."

உண்மையாகத்தான் இருக்கும். மிதுஷா "அப்பா" என்று கையை நீட்டினாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பஸ் வந்தது.

பள்ளிக்கூடச் சந்தி வரை வேன் பின்னாலேயே வந்தது போல. மிதுஷா சீட்டில் முழங்காலிட்டு, பின்பக்கம் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

நான் டிக்கெட் எடுத்தேன். ஒரு முழு, ஒரு அரை.