மூச்சைத் துடைத்த பாட்டு

அன்புள்ள சின்னவளுக்கு, அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம், உன் சுகத்தை நீ கைப்பட எழுதி அனுப்பினால்தான் நம்புவேன். நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது. உன் அக்காவின் மூத்தவள் நர்ஸ் பரீட்சையில் தேறிவிட்டாள், இப்போதே என் கையைப் பிடித்து நாடி பார்த்து, பாட்டி நீங்க ரொம்பக் கோபப்படறீங்க என்கிறாள். நடுவுள்ளவன் நீச்சலில் இரண்டாவதாக வந்தான், முதலாவது வந்த பையன் இவனைவிட ஒரு தலை உயரமாம், அதனால் நான் இவனைத்தான் முதல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடைசி வாண்டு பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்கிறாள், நான் படித்த அஞ்சு வகுப்பில் அதை நேராகச் சொல்லவே நாக்கு தள்ளியது. இவர்களுக்கெல்லாம் மேலே நீ. நம்ம அபிமானப் பாட்டுக் குழுவின் புது சிடி அட்டையில், பின்பக்கம், எறும்பு மாதிரி எழுத்தில், ஒலிச் சேர்க்கை என்று போட்டு உன் பெயர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். தையற்கூடத்தில் பன்னிரண்டு மிஷினுக்கும் எடுத்துப் போய்க் காட்டினேன், பொத்தானுக்குக் காஜா அடிக்கிற பெண் பார்க்காத மாதிரி இருந்தாள், அவளுக்கு இரண்டு தரம் காட்டினேன்.

அப்புறம் அதைப் போட்டோமே, அதைத்தான் சொல்ல வந்தேன். நாற்பது வருஷமாக அந்த ஐந்து பேரும் பாடியதை ஒன்று விடாமல் கேட்டவள் நான், பிஸ்கட் டப்பா நிறைய கேசட் வைத்திருக்கிறேன், உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு மைதானத்தில் மழையில் நின்று பார்த்திருக்கிறேன். முழுக்க மோசம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மூன்றாவது பாட்டின் மெட்டு நன்றாகவே இருக்கிறது, அதைக் கேட்டு ஒரு காலரைக் கோணலாகத் தைத்துவிட்டேன், அந்த அளவுக்கு. ஆனால் குழுவில் முன்னால் நின்று பாடுகிற நம்ம கட்டைக்குரல்காரர் எங்கேடி? என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அவருக்கு இருபது வயசுப் பையன் தொண்டையை யார் ஒட்டவைத்தது? ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இழுத்து ஒரு மூச்சு விடுவாரே, அது எங்கே? மிஷின் சத்தத்தில் மெட்டு பாதி காதில் விழாது, ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்த எனக்கு அந்த மூச்சு கேட்கும், கேட்டதும் கையைத் தூக்குவேன், கூடமே சேர்ந்து பாட்டை எடுக்கும். இந்த சிடிக்கு எதை வைத்துக் கையைத் தூக்குவது? ஆளுக்கொரு இடத்தில் ஆரம்பித்து ஒரே கூச்சல். கட்டிங் மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, என்னக்கா, உங்க ஆள் மூச்சே விடாம பாடறாரே, இருக்காரா போயிட்டாரா என்று கேட்கிறார். நீங்க உங்க துணியைப் பாருங்க என்று சொல்லிவிட்டேன்.

போனில் உன்னைக் கேட்டால் நீ சிரிக்கிறாய். அதெல்லாம் இரைச்சல்ம்மா, ஒவ்வொன்றாகத் தேடி நான்தான் துடைத்தேன், நாலு நாள் ஆச்சு என்கிறாய். நாலு நாள் உட்கார்ந்து ஒரு மனுஷனுடைய மூச்சைத் துடைத்தாயா? ஆறு வயதில் சீப்பை மைக்காகப் பிடித்துக்கொண்டு அந்த மூச்சை அப்படியே விட்டுக்காட்டிக் கைதட்டு வாங்கியவள் நீதானே? பாட்டு உனக்கு வராது, மூச்சு மட்டும்தான் வரும்.

இதோடு விட்டிருப்பேன். அதே போனில், அப்பா பாடின கேசட்டை அனுப்பும்மா, சுத்தம் பண்ணி எல்லாருக்கும் தரேன் என்றாயே, அதைக் கேட்டுத்தான் பேனாவை எடுத்தேன். சின்ன வயதில் நீ காய்ச்சலில் கிடந்தபோது, அப்பா, தான் பெயிண்ட் அடிக்கப் போன நேரத்திலும் நீ கேட்க வேண்டும் என்று, டேப்பின் முன்னால் உட்கார்ந்து நம்ம குழுவின் பாட்டை நாலு வரி பாடி வைத்துவிட்டுப் போனார். வரிக்கு வரி நின்று மூச்சு வாங்குவார், அந்த இழுப்பு விசில் மாதிரி வரும், அதற்காகவே காத்திருந்து நீ சிரிப்பாய். பெயிண்ட் வாடை அவர் நெஞ்சைத் தின்று ஆளையே கொண்டுபோனது, அது எனக்கு மறக்கவில்லை. ஆனால் அவர் வேலை முடிந்து ஏறி வரும்போது மாடிப்படியில் அந்த விசில் கேட்டால்தான் நான் அடுப்பைப் பற்றவைப்பேன். அதை நீ எடுத்துவிட்டால் மிச்சம் நாலு வரி, அதைக் கட்டைக்குரல்காரரே நன்றாகப் பாடியிருக்கிறார், அப்புறம் உன் அப்பா எதற்கு?

அனுப்பாமலும் இருக்க முடியவில்லை. போன வாரம் போட்டபோது டேப் நாடாவைக் கடித்துவிட்டது, பென்சிலை விட்டுச் சுற்றி எடுத்தேன், இரண்டாவது வரியில் ஒரு சொல் போய்விட்டது. இன்னொரு தரம் போட எனக்குத் தைரியமில்லை. உன்னைத் தவிர அதைக் காப்பாற்ற எனக்கு ஆளும் இல்லை. கொரகொரப்பை எடு, ஃபேன் சத்தத்தை எடு, பின்னால் நான் பாத்திரம் கழுவுகிற சத்தத்தையும் வேண்டுமானால் எடு. அவர் மூச்சைத் தொடாதே.

வேளைக்குச் சாப்பிடு, காதில் அந்த மாட்டியை மாட்டிக்கொண்டு தெருவைக் கடக்காதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், கோபத்திலும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். கேசட்டைப் பஞ்சில் சுற்றிக் கட்டி, உன் விலாசம் எழுதி வைத்துவிட்டேன், இன்னும் தபாலில் போடவில்லை. போன தடவை நீ அனுப்பின போட்டோவில் முகம் பீங்கான் தட்டு மாதிரி இருக்கிறது, சின்னதில் என் மிஷின் மேஜையில் இடித்து மூன்று தையல் போட்டார்களே, தாடையில் அந்தத் தழும்பையே காணோம். நான் பக்கத்தில் நின்று எண்ணின தையல் அது. யாரும் எதையும் துடைக்காத புதுப் போட்டோ ஒன்று காகிதத்தில் எடுத்துத் தபாலில் அனுப்பு. அதில் தழும்பைப் பார்த்த அன்றைக்கே கேசட் புறப்படும்.

இப்படிக்கு,
கையைத் தூக்கியபடியே காத்திருக்கும்
உன் அம்மா