நாக்கில் பூசிய களிம்பு

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பேசாமல் எழுதுகிறேனே என்று பதறாதே. தொலைபேசியில் நீ குறுக்கே பேசுவாய். காகிதம் என்னை முடிக்க விடும்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பேச்சு குழறியதும், "என்னம்மா, தண்ணி கிண்ணி போட்டிருக்கியா?" என்று சிரித்தாய். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் உச்சரிப்புக்குப் பரிசு வாங்கிய எனக்கு அது சுருக்கென்றது. விஷயம் இதுதான்: நாக்கின் ஓரத்தில் ஒரு புண். பல் உரசி வந்ததென்று நினைத்து, மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே தரும் களிம்பை வாங்கினேன். தடவினால் மரத்துப்போகும். வலி என் குரலில் உனக்குக் கேட்கக் கூடாதென்று, ஞாயிறுதோறும் நீ அழைப்பதற்குச் சற்று முன் நன்றாகப் பூசிக்கொள்வேன். வலி கேட்கவில்லை, குழறல் கேட்டுவிட்டது.

போகப்போக ஞாயிறு மட்டும் போதாமல் தினமும் பூச வேண்டியதாயிற்று. மரத்த வாயோடு காப்பி குடித்து அண்ணம் வெந்ததுகூடத் தெரியவில்லை. மறுநாள் தோல் உரிந்தபோதுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டுத் தையல்காரப் பெண் என்னைப் பல் மருத்துவரிடம் இழுத்துப் போனாள். அவருக்கு உன் வயதுதான் இருக்கும். "என்னம்மா, இதைப் போய் முகப்பவுடர் மாதிரி பூசியிருக்கீங்க! ரெண்டு மூணு நாள் வலியைத் தாங்கறதுக்குத்தான் இது. புண்ணை ஆத்தாது. அது வளர்றதே தெரியாம மறைச்சிடும்" என்றார். உன் அப்பா போன பிறகு என்னை யாரும் அப்படி அதட்டியதில்லை.

அளவு மீறினால் இந்த மருந்துகளில் சில இரத்தத்தையே பாதிக்குமாம்; மூச்சு வாங்கி, உதடு நீலம் பாரிக்குமாம். குழந்தைக்குப் பல் முளைக்கிறது என்றாயே, யார் சொன்னாலும் ஈறில் இப்படி எதையும் தடவிவிடாதே. சுத்தமான விரலால் மெல்லத் தேய்த்துவிடு, போதும்.

புதன்கிழமை புண்ணிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். எதற்கென்று உனக்கே புரியும். அந்தச் சொல்லை நான் எழுதப்போவதில்லை. களிம்பை நிறுத்திவிட்டேன். வலிக்கத்தான் செய்கிறது.

வேலையைப் போட்டுவிட்டு ஓடி வரச் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால், மாதக் கடைசியில் முடிவைக் கேட்க யாரைக் கூட்டி வருவீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது, மகள் வருவாள் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

ஆசிகளுடன்,
அம்மா