திறக்க முடியாத குழாய்

ஈஜோக்,
9.8.1987

மகள் புஷ்பவள்ளிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்து முடிக்க மூன்று நாள் ஆனது, கண் அப்படி ஆகிவிட்டது. விண்கலத்தின் சூட்டைத் தணிக்க நீங்கள் செய்யும் குழாயில் அமோனியாவை நிரப்பி அடைத்துவிடுவதாகவும், அது சூடான முனையில் ஆவியாகிக் குளிர்ந்த முனையில் திரவமாகித் தானே திரும்பி வரும், மோட்டாரே வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். புரிந்தது. ஆனால் அமோனியா என்ற இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டேன். ரப்பர் பால் உறையாமல் இருக்கத் தோட்டத்துப் பால் ஸ்டோரில் நான் காலமெல்லாம் ஊற்றியதும் அதைத்தான், என் கண்ணைத் தின்றதும் அதுதான். நீயாவது தப்பிக்க வேண்டும் என்றுதானே படிக்க வைத்தேன், கடல் தாண்டிப் போயும் அதே நாற்றத்திலா நிற்கிறாய். கிள்ளான் ஆஸ்பத்திரி டாக்டர் கண்ணுக்கு இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். தோட்டத்து ஆபீசில் போய், கண்ணை மறைக்க ஒரு கண்ணாடிகூடத் தரவில்லையே என்று நியாயம் கேட்டேன். கணக்கெழுதும் கிராணி சோமு சிரித்துக்கொண்டே, “அப்பவே கண்ணாடி குடுத்திருந்தா மட்டும் போட்டிருப்பீங்களா பெரிசு?” என்றான். “குடுத்துப் பாத்துட்டுக் கேளுலா” என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்டு என்ன, ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டாகிவிட்டது, ஸ்டோரும் இல்லை.

“பொண்ண ஒரு தடவ வரச் சொல்லி எழுதுங்களேன்” என்று உன் அம்மா அழுகிறாள். நான் கெஞ்ச மாட்டேன். மேலே போன குழாயை யாரும் திறந்து பழுது பார்க்க முடியாது, அதனால் பத்து வருடம் தரையிலேயே வைத்துச் சூடேற்றிப் பார்க்க வேண்டும், விட்டு வர முடியாது என்கிறாய். குழாய் தாங்குமா என்று காவல் இருக்கிறாய். நாங்கள் அதுவரை தாங்குவோமா என்று யார் பார்த்தார்கள்?

இதுதான் என் கையால் எழுதும் கடைசிக் கடிதம். இப்போதே வரிமேல் வரி ஏறுகிறது. சொல்லுங்கள், எழுதித் தருகிறேன் என்கிறான் சோமு. பள்ளிக்கூடம் போகாமல், கடையில் சாமான் கட்டிய தாள்களைப் பார்த்து எழுத்துப் படித்தவன் நான், அவன் கையை இரவல் வாங்க மாட்டேன். அம்மாவுக்கோ எழுத்துத் தெரியாது. அதனால் கடிதம் வரவில்லை என்றால் அப்பா செத்துவிட்டார் என்று எண்ணாதே. நீ எழுதுவதை நிறுத்தாதே. அவற்றையும் அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல மாட்டேன், பிரிக்காமலே வைத்திருப்பேன். நீ வந்து பிரி.

நீண்ட ஆயுளோடு இரு. அமோனியாவைத் தொடும்போது கண்ணாடி போட்டுக்கொள். சோமு என்னைக் கேட்டதை உன்னை எவனும் கேட்கக் கூடாது.

அப்பா,
சிவானந்தம்