மூன்றாம் படி வரை தண்ணீர்

மார்ச் 4

ஏரிப் பூங்காவின் மாதிரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு அலுவலக வாசலில் வைத்திருக்கிறார்கள். நடைபாதை, மரத்தடி பெஞ்சுகள், தண்ணீருக்குள் இறங்கும் அரைவட்டப் படிக்கட்டு. எல்லாம் என் தங்கை வரைந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். ஏரியில் விழுந்த சாக்கடையை வேறு பக்கம் திருப்ப மூன்று வருஷமாகக் குழாய் பதிக்கிறேன் நான். அது மண்ணுக்கடியில் இருக்கிறது. மாதிரியில் மண்ணுக்கடியில் வெறும் தெர்மோகோல்.

மார்ச் 5

ஆமாம், வயிறு எரிகிறது. இங்கேயுமா பொய் எழுத வேண்டும்?

மார்ச் 11

அம்மா போன் செய்தாள். "பேப்பர்ல சின்னவ போட்டோ பாத்தியா? நீயும் அதே ஏரியிலதானே வேலை பாக்குறே?"

ஆமாம்மா, சாக்கடைப் பக்கம் என்றேன். எப்பப் பார்த்தாலும் வெடுக்கென்று பேசுகிறேனாம்.

ஏப்ரல் 2

தங்கை என் மேசைக்கு வந்தாள். ஹெல்மெட் கூட அவளுக்கு மட்டும் எப்படித்தான் எடுப்பாக இருக்கிறதோ!

"அக்கா, திறப்பு விழாவுக்கு மூணாவது படி வரைக்கும் தண்ணி நிக்கணும். இல்லேன்னா படிக்கட்டு சேத்துல போய் முடியும். கிழக்கு மதகைத் திறந்துவிடேன், ப்ளீஸ்."

அந்த மதகு வழியாக வருவது மேல் தெருக் கால்வாய். அந்தத் தெரு வீடுகளுக்கு இன்னும் புதுச் சாக்கடைக் குழாய் இணைப்புக் கொடுக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. சொல்லியிருக்க வேண்டும்.

"சரி" என்றேன்.

ஏப்ரல் 3

விழா மேடையில் உட்காரப்போகிற பெரிய மனிதர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவள் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். கேட்டதைத்தானே செய்தேன் என்பேன் — என்னை யார் என்ன சொல்ல முடியும்? இன்றைக்குச் சோறு கூட நன்றாக இறங்கியது.

சே. என்ன பிறவி நான்?

ஏப்ரல் 6

சாவியோடு மதகடிக்குப் போனேன். எதிர் வரிசை வீடுகளில் ஏரியைப் பார்த்த ஜன்னல்கள் எல்லாம் வருஷக்கணக்காகச் சாத்தியே கிடக்கும். ஒரு வீட்டில் பால்கனியையே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடியிருந்தார்கள். இன்றைக்கு அந்த வீட்டு அம்மா அதைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பல்லாம் வாடையே இல்லீங்க. துணியை இங்கயே காயப்போடலாம்னு பாக்குறேன். படிக்கட்டு கட்டினவங்க நீங்கதானா?"

இல்லை என்றேன். சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 7

தங்கையிடம் சொல்லிவிட்டேன். மதகைத் திறந்தால் சாக்கடைதான் வரும், முடியாது.

"அன்னைக்கு சரின்னியே?"

மேசை மேலிருந்த வரைபடத்தைச் சுருட்டினேன்.

"உனக்குப் பொறாமைக்கா. சின்ன வயசுலேருந்தே. நான் நல்லா இருந்தா உனக்குப் பொறுக்காது."

அடிப்பாவி, பொறாமையில்தான்டி சரின்னேன்! அது போனதுனாலதான் முடியாதுங்கிறேன்! — இதை எப்படி அவளிடம் சொல்ல?

ஏப்ரல் 15

திறப்பு விழா. படிக்கட்டுக்குக் கீழே ஒரே சேறு. "தண்ணி எங்கம்மா, நாளைக்கு வருமா?" என்று ஒருவர் கேட்க, மேடையே சிரித்தது. அவளும் சிரித்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம்தான். அப்புறம் தாங்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

மே 20

இன்னும் பேசவில்லை அவள்.

ஜூலை 9

மேல் தெரு இணைப்பு போன மாதம் முடிந்தது. மழை பிடித்ததும் கிழக்கு மதகை நானே திறந்துவிட்டேன். இன்று வெயில். மூன்றாவது படியில் தண்ணீர் தளும்புகிறது. நல்ல கூட்டம். எல்லோரும் படிக்கட்டைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். எரிச்சல் எங்கே போகும், இருக்கத்தான் செய்கிறது.

தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி முகர்ந்து பார்த்தாள்.

பழக்க தோஷத்தில், "போய்க் கையைக் கழுவு" என்றேன்.

"எதுக்குக்கா?" என்றாள். அதே தண்ணீரில் முகத்தையும் கழுவிக்கொண்டாள்.